மப்பு நாளில் கழற்றிய வால்வு

அப்பன்,

நீ தமிழ் வாசிக்கிற வேகம் எனக்குத் தெரியும். ஒன்பது வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை அரை நித்திரையில் கொண்டுபோய் இறக்கியவன் நான்தானே. அதனால் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றி உன் மேசையில் வைத்திருக்கிறேன். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் போத்தலும் முடிந்துவிடும். நீயும் அம்மாவும் கம்பளிக் காலுறை வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து இதை உன் கட்டிலில் வைக்கிறேன். நாளைக் காலை நீ துருவத்துக்குப் போகப் பில்லுண்ட் விமான நிலையத்துக்குக் காரை எடுக்க முதல் வாசித்து முடி. உறைக்குள்ளே இரண்டு சின்னப் பித்தளைத் துண்டுகள் கிடக்கும், எறிந்துவிடாதே. டேனிஷில் எழுதியிருந்தால் உனக்குச் சுகம். ஆனால் என் டேனிஷ் மீன் தொழிற்சாலையில் பிடித்த டேனிஷ். வெட்டு, கழுவு, அடுக்கு, நாளைக்கு வா, நாளைக்கு வராதே, எல்லாம் அதில் இருக்கிறது. நான் சொல்ல வந்ததற்கு அதில் சொல் இல்லை. தமிழில் இருந்தது, நான்தான் அதை வாயில் எடுக்காமல் இருந்தேன்.

எங்கள் எஸ்பியர்க் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதுகிற கடிதங்களைப் போடப்போகிறார்களாம். ஒவ்வொரு ஒளிவிழாவிலும் மேடையில் ஏறிப் பகிடி விடுகிறவன் என்று தலைவர் முதலில் எனக்குத்தான் ரெலிபோன் எடுத்தார். "அண்ணை, சனம் சிரிக்கிற மாதிரி நாலு புத்தி சொல்லி எழுதுங்கோ" என்றார். ஓம் என்றேன். எழுத இருந்தபோது சிரிக்கிற மாதிரி ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்: போன வசந்தத்தில் நீ அந்த ஆராய்ச்சி விமானத்தில் ஏறாமல் போனதற்கு நீ காரணமில்லை. நான் காரணம். ஒரு வருடமாக உன் தலையில் நீ தூக்கி வைத்திருக்கிற பாரம் உன்னுடையதில்லை, என்னுடையது. இது மலரில் வர வேண்டுமா என்பதை நீ சொல். நீ ஓம் என்றால்தான் தலைவருக்குப் போகும்.

அந்த விமானத்தில் ஏற முதல் எங்கள் துறைமுகத்தில் நீ முடிக்கவேண்டியிருந்த பாதுகாப்புப் பயிற்சிக்கு முதல் நாள் பின்னேரம் நினைவிருக்கிறதா? நீ கோப்பன்ஹேகனிலிருந்து உன் பழைய காரை ஓடிக்கொண்டு வந்திருந்தாய். அம்மா முதியோர் இல்லத்து வேலையால் வந்து, உடுப்பும் மாற்றாமல் உனக்குப் புட்டு அவித்தா. துருவத்து முகிலுக்குள் போய் என்னத்தை அளக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு, நீ மேசை விரிப்பைக் கடலாக்கி, என் தட்டைப் பனியாக்கி, கையைத் துடைக்கிற கடதாசியை முகிலாக்கி வகுப்பு எடுத்தாய். பாதி டேனிஷ், பாதி தமிழ். கறுத்தக் கடலுக்கு மேலே வெள்ளை முகில் கிடந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் வெள்ளைப் பனிக்கு மேலே வெள்ளை முகில் கிடந்து திருப்பி அனுப்புவதற்கு என்ன இருக்கிறது, அங்கே அது கீழே இருக்கிற கொஞ்ச நஞ்சச் சூட்டையும் விடாமல் பொத்தி வைக்கிற போர்வை என்றாய். "அப்ப முகில் நல்லதோ, கூடாதோ?" என்று அம்மா கேட்டா. "அதைத்தானம்மா பாக்கப் போறம்" என்று சிரித்தாய். அதற்குப் பிறகுதான் விமானம் எப்படிப் பறக்கும் என்று காட்டினாய். முகிலுக்கு மேலே ஒரு தரம், உள்ளே ஒரு தரம், பிறகு கீழே இறங்கி, எங்கள் துறைமுகத்துக் காற்றாலை இறக்கையின் நுனியைவிடப் பதிவாக, அவ்வளவு தாழ்வாக, பனியை உரசுகிற மாதிரி ஒரு தரம். கரண்டியை என் தட்டுக்கு மேலே அப்படிக் கொண்டுபோனாய். நாளைக்குப் பயிற்சியில் ஒரு பொய் விமான அறைக்குள் எங்களைக் கட்டி, குளத்துக்குள் அமிழ்த்தி, தலைகீழாகப் பிரட்டி விடுவார்கள், இருட்டுக்குள் வாசலைத் தேடி வெளியே வரவேண்டும் என்று விளையாட்டுச் சாமான் வாங்கின பிள்ளை மாதிரிச் சொன்னாய். அம்மா நெற்றியில் சிலுவை போட்டா. நான் என்ன செய்தேன்? "வாசல் தெரியாட்டி எனக்கு ஒரு கோல் எடு, நான் வந்து திறந்துவிடுறன்" என்று பகிடி விட்டேன். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். எனக்கு அந்தக் கரண்டி தட்டுக்கு மேலே வந்த சத்தம்தான் காதுக்குள் நின்றது. கரண்டிக்கு ஏது சத்தம் என்று கேட்பாய். எனக்குக் கேட்டது.

விடிய ஐந்து மணிக்கு, தொழிற்சாலைக்கு எழும்புகிற மாதிரி எழும்பினேன். வெளியே எஸ்பியர்க்கின் வழக்கமான வானம், முகில் மூடி, கூரையைத் தொடுகிற மப்பு. சைக்கிள் பெட்டியிலிருந்து சின்னச் சாவியை எடுத்துக்கொண்டு போய், உன் காரின் பின் சில்லு இரண்டிலும் வால்வைக் கழற்றினேன். காற்றுச் சீறிக்கொண்டு போனது. அந்தச் சத்தத்துக்கு நீ எழும்பிவிடுவாயோ என்று பயந்தேன். எழும்பியிருக்கலாம், அப்பன். வால்வு இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, கைகழுவி, உனக்குக் கோப்பி போட்டேன். உறைக்குள் கிடப்பவை அவைதான்.

நீ வெளியே போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "ஃபார், சில்லு ரெண்டும் இருந்திட்டுது" என்றாய். கோபம் வந்தால்தான் நான் ஃபார், மற்ற நேரம் அப்பா. "ஆரோ பெடியள் பகிடி விட்டிருக்கினம்" என்றேன். அது பொய்யில்லை, பெடியனின் வயதுதான் பொய். எங்கள் காரை அம்மா காலை வேலைக்குக் கொண்டு போய்விட்டா. நீ வாடகை ராக்ஸிக்கு எடுக்க ரெலிபோனைத் தூக்கினாய். நீ உடுப்பை மாற்று, நான் எடுக்கிறேன் என்று சொல்லி என் ரெலிபோனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை, அப்பன். ஒருவருமில்லாத ஒருவரோடு நான் டேனிஷில் கதைத்தேன். வீட்டிலக்கம் சொன்னேன், தெருவின் பெயரை எழுத்துக் கூட்டினேன், அவர் ஏதோ சொன்ன மாதிரி ஒரு தரம் சிரித்தும் விட்டேன். மேடையில் முப்பது வருடம் நடித்ததில் அதுதான் என் திறமான நடிப்பு. பார்க்க நீ ஒருவன்தான் இருந்தாய், நீயும் நம்பினாய். இருபது நிமிடம் வாசலில் நின்றாய். நான் இன்னொரு தரம் எடுத்தேன், "வழியில வாறானாம்" என்றேன். ஏழரைக்குக் கதவு சாத்தினால் ஒருவரையும் எடுக்கமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். கடைசியில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு துறைமுகப் பக்கம் ஓடத் தொடங்கினாய்.

ஜன்னலால் உன் முதுகைப் பார்த்தேன். அந்தக் கணம்தான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு விளங்கியது. அந்த முதுகை நான் முதலே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

உனக்கு அன்ரன் பெரியப்பாவைப் படத்தில்தான் தெரியும். பொம்பரடியில், விமானக் குண்டில், செத்தவர் என்று சொல்லியிருக்கிறேன், அதற்கு மேலே நீ கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. எனக்குப் பதினைந்து வயது, அண்ணாவுக்குப் பத்தொன்பது. யாழ்ப்பாணத்தில் அப்போது வானத்தைப் பார்த்துத்தான் ஊர் எழும்பும். வானம் வெளித்திருந்தால் பொம்பர் வரும், பங்கருக்குப் பக்கத்திலேயே சமையல். மப்பாகக் கிடந்தால் கீழே ஒன்றும் தெரியாது, வரமாட்டான். அன்றைக்குத்தான் சந்தை, அன்றைக்குத்தான் கலியாணம், பிள்ளைகளுக்குத் தெருவில் பந்து. உனக்கு முகில் போர்வை. எங்களுக்கு அது போரில்லாத நாள். நான் அந்த நாட்களில் மதிலில் ஏறி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு வானொலிக் குரலில் வானிலை அறிக்கை வாசிப்பேன்: "இன்று வானம் மந்தமாக இருக்கும், பொதுமக்கள் பங்கரை விட்டு வெளியேறிப் பல் விளக்கலாம்." ஒழுங்கை முழுக்கச் சிரிக்கும். அதைவிட எனக்குப் பெயர் எடுத்துத் தந்தது சைக்கிளுக்குக் காற்றுத் திறக்கிறது. வாத்திமாரின் சைக்கிள், கோயில் வாசலில் சுவாமியாரின் சைக்கிள், ஒன்றையும் விட்டதில்லை. சும்மா திறந்து விட்டால் பம்மால் காற்று அடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று, கெட்டிக்காரன் நான், வால்வையே கழற்றிப் பொக்கற்றில் போட்டுக்கொள்வேன்.

அன்றைக்கு நல்ல மப்பு. கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, "மப்புக் கிடக்கேக்கை ஓடிப்போட்டு வா ராசா" என்று என் அம்மா அண்ணாவை அனுப்பினா. முதல் நாள் நான் பள்ளிக்கூடம் போகாமல் கடற்கரையில் நின்றதை அண்ணா வீட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார், எனக்கு அந்தக் கோபம். அவர் எண்ணெய்க் கானைத் தேடி உள்ளே போன நேரம் முன் சில்லு வால்வைக் கழற்றிவிட்டேன். வெளியே வந்தவருக்கு ஆரின் வேலை என்று உடனே விளங்கிவிட்டது. அடிக்க வருவார் என்று மதிலில் ஏறி நின்றேன். அவர் வரவில்லை. "வந்து உனக்குத் தாறன் பார்" என்று சிரித்துக்கொண்டு, ஒரு கையில் கானும் மற்றக் கையால் சைக்கிளும், சந்தியிலிருக்கிற சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனார். காற்று இருந்திருந்தால் சந்தி அவருக்கு இரண்டு நிமிடம். தாண்டிச் சங்கக்கடைக்குப் போயிருப்பார். அவர் சைக்கிள் கடையில் வால்வுக்குக் காத்துக்கொண்டு நின்றபோது முகில் விலகியது. முழுக்க இல்லை. சந்திக்கு மேலே ஒரு பாய் அகலத்துக்கு நீலமாகத் தெரிந்ததை மதிலில் நின்று நான் கண்ணால் பார்த்தேன். பிறகு சத்தம் வந்தது.

வால்வு என் பொக்கற்றில் கிடந்தது. செத்த வீடு முடியும் மட்டும் கிடந்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு அடுத்த நாள் கடற்கரைக்குப் போய் எறிந்தேன்.

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு எத்தனை தரம் முழங்காலில் இருந்திருப்பேன். பொய் சொன்னேன், களவாக மாங்காய் பிடுங்கினேன் என்று சின்னச் சின்னதாகக் கொடுத்துவிட்டு எழும்பிவிடுவேன். ஆனால் என் அம்மா சொன்னா. வருகிற போகிற சனத்துக்கெல்லாம் சொன்னா, "நான் தானே அனுப்பினனான்." நான் டென்மார்க்குக்கு வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோனில் அதே வசனம், மப்பு எண்டு நம்பி நான் தானே அனுப்பினனான். அந்த நேரமெல்லாம் நான் ஒரு பகிடி விடுவேன். இங்கத்தைக் குளிர், மீன் மணம், முதலாளியின் நடை, எதையாவது நடித்துக் காட்டி அவவைச் சிரிக்க வைத்துவிட்டு ரெலிபோனை வைப்பேன். நல்ல பிள்ளை, தாயைச் சிரிக்க வைக்கிறான் என்று உன் அம்மா நினைத்தா. இல்லையம்மா, நீங்கள் அனுப்பியிருந்தாலும் அவர் உயிரோடு சந்தியைத் தாண்டியிருப்பார், நான்தான் வால்வைக் கழற்றினேன் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவ என்னைத் திட்டியிருப்பா, கதைக்காமல் விட்டிருப்பா. ஆனால் தன்னை விட்டிருப்பா. அந்த வசனத்தை வாங்காமலே அவ போய்ச் சேர்ந்துவிட்டா.

இனி உன் பக்கம் வருகிறேன். நீ ஓடிப் போய்ச் சேர முதல் கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த பயிற்சிக்கு இடம் கிடைக்க வாரங்கள் எடுத்தன, உன் ஆசனத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இறக்கைக்குக் கீழே கட்டுகிற உன் கருவி நீ இல்லாமல் பறந்தது. முகிலுக்குள் இருக்கிற துளியையும் பனித்துகளையும் படம் பிடிக்கிற கருவி. அதன் கண்ணாடி உறையாமல் எப்போது சூடாக்க வேண்டும் என்று உன் கைக்குத்தான் பழக்கம். நீங்கள் எல்லாரும் காத்திருந்த முகில், பனியிலிருந்து குளிர்காற்று கடலுக்கு மேலே வந்து வரிசை வரிசையாகக் கட்டுகிற முகில், அந்தக் கிழமைதான் வந்தது. கோடையில் நீ வீட்டுக்கு வந்து கொம்பியூட்டரைத் திறந்து படங்களை எனக்குக் காட்டினாய். கண்ணாடி உறைந்துபோய், ஒன்றன்பின் ஒன்றாக வெறும் சாம்பல் நிறம். இன்னொரு தரம் பறந்து எடுக்க ஏலாதோ என்று கேட்டேன். அந்த வருடத்துப் பனி அந்த வருடத்தோடு போய்விட்டது, அப்பா, அது திரும்பி வராது என்றாய். பிறகு டேனிஷில், மெதுவாக, "என்ர பிழைதான். முதல் நாளே துறைமுகத்தில போய்ப் படுத்திருக்கவேணும்" என்றாய்.

என் அம்மாவின் குரல், அப்பன். மொழி வேறு, குரல் அதே குரல்.

உறைகிற குளிரிலும் உறையாமல் தண்ணீராகவே மிதக்கிற துளிகள் அந்த முகில்களில் உண்டு, ஒரு தூசி தொட்டால் போதும், அந்த நிமிடமே ஐஸ் ஆகிவிடும் என்று நீ சொல்லித் தந்திருக்கிறாய். நான் அப்படித்தான் இத்தனை வருடம் மிதந்து திரிந்தேன். உன் அந்த ஒரு வசனம் என்னைத் தொட்டுவிட்டது. ஆனாலும் பார், அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. "சாம்பலும் ஒரு நிறந்தானே" என்று பகிடி விட்டேன். நீ சிரித்தாய், என் அம்மாவைப் போலவே, என் மனம் நோகக்கூடாது என்று.

இந்த ஒரு வருடமாக உன்னைப் பார்க்கிறேன். நாலு அலாரம் வைக்கிறாய். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறாய். இரண்டாம் முறை பயிற்சிக்கு வந்தபோது எங்கள் வீடு காரில் பத்து நிமிடத்தில் இருக்க, துறைமுகத்து விடுதியில் அறை எடுத்துப் படுத்தாய். அம்மா அழுதா, நான் அழக்கூட உரிமை இல்லாமல் இருந்தேன். இந்த முறையும் ஏதாவது பிழைத்தால் இந்தப் படிப்பை விட்டுவிடுகிறேன் என்று நேற்று நீ குசினிக்குள் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அதனால்தான் இன்றைக்கு. நாளைக்கு நீ அந்த விமானத்தில் ஏறப் போகும்போது உன்னுடையதில்லாத ஒரு பிழையைச் சுமந்துகொண்டு ஏறக்கூடாது. முகிலுக்குள் தூக்கிக்கொண்டு போகிற சாமான் இல்லை அது.

புத்தி சொல்லச் சொன்னார்களே, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு முகிலைப் பற்றிச் சொல்வதற்கு மேலே, உள்ளே, கீழே என்று மூன்று தரம் பறக்கிறவன் நீ. உன்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறாய். அப்படிச் செய்யாதே. ஏதாவது பிழைத்தால் அந்த நேரம் பக்கத்தில் யார் நின்றது என்றும் பார், அது உன் தகப்பனாக இருந்தாலும். இன்னொன்று. உனக்குப் பயம் வந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். "எனக்குப் பயமாக் கிடக்கு, போகாதை அப்பன்" என்று அன்றைக்குப் புட்டுத் தட்டுக்கு முன்னால் நான் சொல்லியிருந்தால், நீ என்னோடு சண்டை பிடித்திருப்பாய், பிறகு விடியப் போயிருப்பாய். அவ்வளவுதான். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் காற்றைத் திறந்தேன். காற்றைத் திறந்தவன் இதுவரை ஒருவரையும் காத்ததில்லை. பகிடி விடுகிறவர்களை நம்பாதே என்று சொல்லவில்லை. அவர்கள் எந்த நேரத்தில் பகிடி விடுகிறார்கள் என்று கவனி.

மன்னிப்புக் கேட்க நான் இதை எழுதவில்லை. கேட்டால் நீ தந்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும், அது இன்னொரு பாரமாக உன் தலையில் ஏறும். இன்றிரவு என்னோடு கதைக்க மனமில்லாவிட்டால் கதைக்காதே. நத்தாருக்கு வீட்டுக்கு வராவிட்டாலும் அம்மாவுக்குக் காரணம் நான் சொல்வேன், உள்ளதைச் சொல்வேன். அவவுக்கும் இது இன்னும் தெரியாது. நீ வாசித்து முடிக்கிற நேரம் நான் குசினியில் அவவுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். சத்தம் கேட்டால் பயப்படாதே.

எனக்கு இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பனிக்கு மேலே அந்தக் கரண்டி பதிவாகப் போகிறது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. போகாதே என்று சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன், பிந்தித்தான் சொல்கிறேன்.

விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்றாய். இன்று காலையில் உன் காரைத் துறைமுகத்துப் பெற்றோல் நிலையத்துக்குக் கொண்டுபோய் நாலு சில்லுக்கும் காற்று அடித்து வைத்திருக்கிறேன். நான் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம். ஏற முதல், நாலையும் சுற்றி வந்து, நீயே ஒருக்கால் காலால் அமத்திப் பார்.

அப்பா